யார் சொல்லிக் கொடுப்பது?

"அந்தத் தோட்டையும் கழட்டி வைங்கம்மா."

மருந்துக்கடைக்காரி காதுத் தோடுகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவளுடைய போன், கைக்கடிகாரம், கொண்டை ஊசி எல்லாம் ஏற்கெனவே அங்கே கிடந்தன. செஸ் போட்டியின் நடுவர் ஒரு தோட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோடு தோடாகத்தான் இருந்தது.

"அவ்வளவுதானா சார்? பல்லையும் எண்ணிப் பார்த்துடுங்களேன்."

நடுவர் சிரிக்கவில்லை. அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்த அந்த கிளப்பில் அவர் நடத்திய எந்தப் போட்டியிலும் இதுவரை ஒரு தகராறு வந்ததில்லை. அந்தப் பெயர் இன்றைக்கு இந்தப் பெண்ணால் கெட்டுவிடுமோ என்று அவர் பயந்தார்.

பின்னே என்ன? போன வருஷம் இதே ஹாலில் எல்லோரிடமும் தோற்றவள், இன்றைக்கு முதல் ஆட்டத்திலேயே கிளப் செயலாளரைக் கவிழ்த்துவிட்டாள். அப்போதே நடுவருக்குப் பொறி தட்டியது. மற்ற மேஜைகளை உதவியாளரிடம் தள்ளிவிட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே காவல் நின்றார். என்ன பிரயோஜனம்? அவர் கண்ணெதிரேயே ஒவ்வொருவராய்ச் சாய்த்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து நிற்கிறாள்!

"உண்மையைச் சொல்லுங்க. ஒரே வருஷத்துல ஒருத்தர் இவ்வளவு தேற முடியுமா?"

"பயிற்சி சார். கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் போன்ல செஸ் புதிர் போடுவேன். குதிரையால ராணியைத் தூக்கு, ரெண்டே நகர்த்தல்ல ராஜாவை மடக்குன்னு கேப்பாங்க இல்ல, அது. போட்டதையே திரும்பத் திரும்பப் போடுவேன். இப்பல்லாம் கணக்கே போட வேண்டாம், கண்ணு தானா அந்தக் கட்டத்துக்குப் போயிடும். டாக்டர் கிறுக்கின மருந்துச் சீட்டை நான் எழுத்துக் கூட்டியா படிக்கிறேன்? பார்த்ததும் தெரியுதில்ல, அது மாதிரிதான்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றான் நடுவரின் மச்சினன். போன வருஷத்துச் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் அவளோடு மோத வேண்டியவன். "மாமா, இந்த ஹால்ல இருந்து யாரோ சிக்னல் கொடுக்கறாங்க. சாதாரண இடத்துல எல்லாம் இவங்க கடகடன்னு ஆடிடறாங்க. முக்கியமான இடம் வந்தா மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடறாங்க. யாரோ தோளைத் தட்டி நிறுத்தின மாதிரி!"

நடுவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் அதைக் கவனித்திருந்தார்.

மருந்துக்கடைக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "போன வருஷம் நான் தோத்தப்ப, 'போய் மாத்திரை எண்ணுங்க'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. வீட்டுக்குப் போய் அப்படி அழுதேன். இன்னிக்கு ஜெயிச்சா திருடிங்கறீங்களா?"

"சண்டை வேண்டாம்," என்று நடுவர் கையை உயர்த்தினார். "கதவைச் சாத்திட்டு ஆடுவோம். நீங்க ரெண்டு பேரு, நான். அவ்வளவுதான். ஜெயிச்சா கோப்பையும் உங்களுக்கு, ஊர் அணியில இடமும் உங்களுக்கு. ஆனா ஏதாவது தில்லுமுல்லு தெரிஞ்சுது, கிளப்லேர்ந்தே பேரை எடுத்துடுவேன்ம்மா. அப்புறம் இந்தப் படி ஏற முடியாது."

"சரி சார். ஆடலாம்."

செயலாளர், டீக்காரர், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல்களை அடைத்தார். மின்விசிறிச் சத்தத்தில் ஏதாவது சங்கேதம் கலந்து வந்தால்? அதையும் நிறுத்தினார். பிறகு வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சட்டை நனைய நனைய ஆட்டம் நகர்ந்தது. மச்சினன் ஒரு சிப்பாயைத் தள்ளினான். அவசரப்பட்டுவிட்டான் மடையன்! ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர் அல்லவா நடுவர், பார்த்த மாத்திரத்தில் ஓட்டை தெரிந்துவிட்டது.

யானையை நகர்த்தப் போன அவள் கை பாதியிலேயே நின்றது. கையைக் கட்டிக்கொண்டாள். பலகையையே வெறித்தாள். ஹாலில் ஈ காக்கை இல்லை. எங்கிருந்தும் ஒரு சத்தம் இல்லை. வெகுநேரம் கழித்துக் குதிரையைத் தூக்கி அவன் ராணியின் வாயிலேயே வைத்து, "செக்" என்றாள். ராணியால் வெட்டினால் ராஜா காலி, வெட்டாவிட்டால் யானை காலி.

மச்சினன் தோல்வியை ஒப்புக்கொண்டு, ராஜாவைச் சாய்த்துப் போட்டு எழுந்து போய்விட்டான்.

நடுவர் குனிந்து மேஜைக்கு அடியில் தடவினார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"நான்தான் தப்பா நெனச்சுட்டேன்மா. கோப்பை உங்களுக்குத்தான், இனி அதுல மாத்தமில்ல," என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இல்லன்னா என் மண்டை வெடிச்சிடும். புதிர்னா, இங்க ஒரு வழி இருக்குன்னு முன்னாடியே தெரியும். தேடிக் கண்டுபிடிச்சிடலாம். நிஜ ஆட்டத்துல, 'இப்பத் தேடு'ன்னு யார் வந்து சொல்றாங்க?"

அவள் தோட்டை மாட்டிக்கொண்டே தயங்கினாள். "கோவிச்சுக்கக் கூடாது சார்."

"சொல்லுங்க."

"காலையிலேர்ந்து என் பின்னாடியே நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டே இருக்கீங்க. எங்கயாவது நல்ல வழி வந்தா மட்டும், அந்த மூச்சு டக்குனு நின்னுடுது சார்."