அட்டை நுழைந்த மூலை

பெட்டியை மேசைமேல் வைத்தாள். கையை எடுக்க மனம் வரவில்லை.

எடுத்தாள்.

கேரம் காய்கள் போட்டு வைக்கும் தேக்குப் பெட்டி. பழைய ஜன்னல் சட்டத்தை அறுத்துச் செய்தது.

டாக்டர் ஜெரால்டுடைய கார் வெளியே வெயிலில் நின்றது. அது நிற்க வேண்டிய ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான். மரவேலையை ஆசைக்குச் செய்கிறவர்கள், தாங்கள் செய்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பல் டாக்டர் ஜெரால்டு, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற உமாபதி, கல்லூரியில் கணக்கு நடத்தும் ரெஹானா, இன்னும் சிலர்.

இத்தனை வருஷம் அவளும் வந்திருக்கிறாள். கணவரோடு, காப்பி ஃபிளாஸ்க்கோடு.

இன்றைக்குத்தான் தனியாக. பெட்டியோடு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்தவர் முதலில் தன் பிசகைச் சொல்லிவிட வேண்டும். பாராட்டெல்லாம் அப்புறம்தான். அதைக் கொண்டுவந்தவர் அவள் கணவர்.

"என் ஸ்டூலுக்கு மூணு கால் ஒழுங்கா நிக்குது. நாலாவது கால் கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி, கீழ வரவே மாட்டேங்குது" என்றார் உமாபதி.

"தரையைக் கொஞ்சம் ஏத்திப் பாத்தீங்களா அண்ணே?" என்றாள் ரெஹானா.

ஷெட்டே சிரித்தது.

அவள் முறை வந்ததும் சிரிப்பு அடங்கியது.

அது யாருடைய பெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவர் கையில் இருந்த வேலை அது.

உமாபதி சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். பலகைகள் சேரும் மூட்டில் அட்டை நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழைந்தால் வேலை தளர்வு. அவள் கணவர் செய்த மூட்டில் ஒரு நாளும் நுழைந்ததில்லை. அது அந்த ஷெட்டில் ஒரு பெருமை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெருமை.

முதல் மூலை. நுழையவில்லை.

அடுத்தது. இல்லை.

மூன்றாவது. அட்டைதான் மடங்கியது.

"பாத்துக்கங்க. அண்ணன் கையி. இன்னொருத்தருக்கு வருமா இது?" என்றார் உமாபதி.

அந்த மூன்று மூலைகளும் அவள் வெட்டியவை.

அவர் போன பிறகு, அவருடைய ரம்பத்தால், அவருடைய உளியால். பாழாக்கிய துண்டுகள் ஒரு சாக்கு நிறைய மாடியில் கிடக்கின்றன.

அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது.

நான்காவது மூலையில் அட்டை பாதிவரை உள்ளே போயிற்று.

உமாபதி அட்டையை வெளியே இழுக்கக்கூட மறந்து நின்றார்.

அது அவள் கணவர் வெட்டியது. வலது கை நடுங்க, அந்த மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டியது. முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பி வைத்துவிட்டார். மற்ற மூன்றையும் அவர் தொடவில்லை.

மரத்தூளும் பசையும் குழைத்து அந்த இடுக்கை அடைத்திருக்கலாம். யாரும் செய்வதுதான். அவளால் முடியவில்லை.

எழுந்து நின்றாள்.

"என் பிசகைச் சொல்லணும்ல. அந்த மூலை நான் வெட்டுனது. மூணு மூலையை அவரே முடிச்சு வச்சிட்டாரு. கடைசிக்குத்தான் நான் கை வச்சேன்."

உமாபதிக்கு உயிர் வந்தது.

"அதானே! அண்ணன் மூட்டாவது, இடம் விடறதாவது. அண்ணி, முதல் மூட்டுக்கு இது எவ்வளவோ தேவலை. என்னோட முதல் மூட்டுல எலி போயிட்டு வந்துச்சு."

கை தட்டினார்கள். யாருக்கென்று அவளுக்குத் தெரியும். அவருக்காக நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

பெட்டி கை மாறிக் கை மாறி டாக்டரிடம் போயிற்று.

டாக்டர் எதையும் வாயைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார் என்பது அங்கே பழைய கேலி. மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதலில் வெட்டும் மூலையின் உட்புறம், பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் ரம்பத்தைத் தொடுவார் அவள் கணவர். எந்தச் சாமானிலும் அப்படித்தான். ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். பெட்டி முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள், அந்த விரலகலத்தை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

அட்டை நுழைந்த மூலையில் இருந்தது அந்தச் சுழி.

டாக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல் இருந்தது. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்ன டாக்டர், உள்ள அப்படி? கொடுங்க, நானும் பாக்குறேன்." உமாபதி கையை நீட்டினார்.

டாக்டரின் வலது கட்டைவிரல் நகர்ந்து அந்த மூலையை மூடிக்கொண்டது.

"சொத்தை ஒண்ணும் இல்ல உமாபதி. சுத்தமா இருக்கு."

மூடியைச் சாத்தினார். நீட்டிய கையைத் தாண்டிப் போய், பெட்டியை அவளிடமே கொடுத்தார்.

அவர் கட்டைவிரலில் கொஞ்சம் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

பஜ்ஜித் தட்டு வந்தது.

டாக்டர் இடது கையால் ஒன்றை எடுத்துக்கொண்டார்.