ஒன்பதாயிரம் வரி

“இதை எழுதினவங்களைப் பிடிச்சு உள்ள தூக்கிப் போடணும், மேடம்!” என்றார் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

திரையில் ஒரே ஃபைல். ஒன்பதாயிரம் வரி ஜாவாஸ்கிரிப்ட். தியேட்டரில் சீட் பிடிப்பதற்காக எப்போதோ எழுதிய வெப்சைட். சீட் காலியா என்று பார்ப்பது, தேதியைச் சரிபார்ப்பது, டிக்கெட்டை அச்சடிப்பது எல்லாம் சலவைக்குப் போட்ட துணி மாதிரி ஒன்றோடொன்று சுற்றிக் கிடந்தன.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “எங்கேருந்து ஆரம்பிக்கலாம், சார்?”

“தேதி சம்பந்தப்பட்ட ஃபங்ஷன் எல்லாம் ஒரு மாட்யூலா தனி ஃபைலுக்குப் போகட்டும். சீட் சமாசாரம் தனி மாட்யூல். வேணுங்கிற பக்கம் இம்போர்ட் பண்ணிக்கட்டும். ஒரு தடவை எழுதினா போதும், எத்தனை பக்கத்துக்கும் ஆகும்.”

சொல்லும்போதே விரல்கள் வேலையில் இறங்கிவிட்டன. அவள் ஒவ்வொரு ஃபங்ஷனாகப் படிக்கப் படிக்க, அது எந்த மாட்யூலுக்குப் போக வேண்டும் என்று அவர் யோசிக்காமல் சொன்னார். வெட்டினார், ஒட்டினார், பெயர் வைத்தார்.

திடீரென்று மேஜையைத் தட்டினார். “பாருங்க இந்த அக்கிரமத்தை! தேதியைத் திருப்பிப் போடற ஃபங்ஷன் அச்சு அசலா ஏழு இடத்துல இருக்கு.”

“யார் வேலை, சார்?”

“வேற யாரு? எங்க சண்டைக்காரி!” குரல் இளகியது. “டயர் கடைக்கு மேல ஒரே ரூம். நாலு பேருக்கு ரெண்டு கம்ப்யூட்டர். அதுல ஒண்ணு அவளுக்கும் எனக்கும். ‘ஒரு இடத்துல எழுதி வை, வேணும்போது கூப்பிட்டுக்கோ’ன்னு நான் தலைபாடா அடிச்சுப்பேன். ‘ஓடுதா இல்லையா? அப்புறம் என்ன?’ன்னு ஒட்டிட்டுப் போயிடுவா. கீழே சுத்தியல் சத்தத்துக்கு மேல நாங்க கத்துவோம். சட்டையோட ரப்பர் வாசனையும் வீட்டுக்கு வரும்.”

“பாவம், அவங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்.”

“தெரியாமலா? வேணும்னேதான் பண்ணுவா.” ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார். “அப்பதானே நான் எரிச்சலாகி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு அவ பக்கத்துல வந்து உக்காருவேன்? இது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆச்சு, மேடம்.”

அவள் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். “புரிஞ்சு என்ன பண்ணினீங்க?”

“புரிஞ்ச மாதிரி காட்டிக்கலை. காட்டிக்கிட்டா நிறுத்திடுவாளே!” அவர் சிரித்தார். “நாளைக்கு அவகிட்ட மனசுல இருக்கிறதைச் சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“மாட்டேன், சார்,” என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. பதினோரு சின்னச் சின்ன ஃபைல்கள். பக்கத்தை ஓட்டிப் பார்த்தார். காலி சீட்டுகள் வரிசை வரிசையாகப் பச்சையில் மின்ன, குழந்தை மாதிரி கை தட்டினார்.

“இனிமே எவனும் நம்மளைத் திட்ட முடியாது! நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடறேன், மேடம்,” என்று எழுந்தவர், உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்த மகள், பையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “அப்பாவுக்கு இன்னிக்காவது உன்னை அடையாளம் தெரிஞ்சுதாம்மா?”

“இல்லை. ஆனா நாளைக்கு என்கிட்ட காதலைச் சொல்லப்போறாராம்,” என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதினோரு மாட்யூலையும் அழித்துவிட்டு, நேற்றும் அதற்கு முந்தின நாளும் செய்ததைப் போலவே, பழைய ஃபைலை அவருக்காக மறுபடியும் எடுத்து வைத்தாள்.