கணவன் மனைவி என்பதற்கு

“எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க? சாதாரணமா ஒரு நாள், காலையிலேர்ந்து சொல்லுங்க” என்றார் அதிகாரி.

அவன் சொன்னான். எழுந்ததும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பான். வீடியோவில் மனைவி வருவாள். அவள் இருக்கும் நாட்டில் அப்போது சாயங்காலம். இவன் பல் தேய்ப்பான், முட்டை வேகவைப்பான், சட்டைக்கு இஸ்திரி போடுவான். அவள் துணி மடிப்பாள். பிறகு இவன் வேலைக்குக் கிளம்புவான்.

“என்ன பேசிப்பீங்க?”

“பெருசா ஒண்ணும் இல்லை மேடம்.”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “மனைவியை இங்கே கூட்டிட்டு வர விசாவுக்கு விண்ணப்பிச்சீங்க. உண்மையான கல்யாணமாத் தெரியலைன்னு மறுத்துட்டோம். இது மேல்முறையீடு. இன்னிக்கு நான் எடுக்கற முடிவுதான் கடைசி. புரியுதா?”

“புரியுது.”

பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எழுந்திரு மச்சான், வீட்டுக்குப் போயிடலாம். இது வேண்டாத வேலை” என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே அவர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். அவன் அசையவில்லை.

“உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?” என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

“ஆபீஸ்னாலே எனக்கு வேர்க்கும் மேடம். என் கல்யாணத்தைப் பதிவு பண்ணப்பவும் இப்படித்தான். பொண்டாட்டி இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா.”

“இவர் கல்யாணத்துக்குப் போனீங்களா?”

“போனேன். ரெண்டு தடவை சாப்பிட்டேன்.”

அதிகாரி சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பினார். “மனைவிக்குப் பிடிச்ச நிறம்?”

“தெரியாது.”

“அவங்க நெருங்கின தோழி பேரு?”

“ஒரு தோழி உண்டு. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாம ஸ்கூட்டர் வாங்கினவ. பேரு தெரியலை.”

“மாமனார் ஏன் வேலையை விட்டார்?”

“மேலதிகாரியோட சண்டை. அவர் டிபன் டப்பாவை இவர் தூக்கி... அதுக்கு மேல தெரியாது.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கு ஒண்ணும் பிடிபடலை. தினமும் மணிக்கணக்கா கால் போயிருக்கு. கேட்டா பாதி தெரியுது, மீதி தெரியலை. போனை ஆன் பண்ணி வெச்சுட்டு ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பார்த்தீங்களா? கணக்குக் காட்டறதுக்கா?”

அவன் யோசித்தான். இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது.

“நான் லிஃப்ட் மெக்கானிக் மேடம். காதுல போனை மாட்டிக்கிட்டே வேலை செய்வேன். அவ பேசிட்டே இருப்பா. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா சிக்னல் போயிடும். மேல வந்ததும் திரும்ப வரும்.”

“சரி.”

“போனது அவளுக்குத் தெரியாது. அவ பாட்டுக்குப் பேசிட்டு இருப்பா. நான் வர்றப்போ கதை வேற எங்கேயோ இருக்கும். அதான் எல்லாமே பாதி பாதி.”

“மீதியைக் கேட்டுக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, ‘இவ்வளவு நேரம் சுவத்துக்கிட்டயா பேசினேன்’னு கத்துவா. அதனால ‘ம்’ கொட்டிடுவேன். அவ இங்கே வந்தப்புறம் ஒவ்வொண்ணா கேட்டுக்கலாம்னு இருந்தேன்.”

“அவங்களுக்கு இது தெரியவே தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். சில நாள் நடுவுல நிறுத்தி, ‘நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்’பா. முழிப்பேன். ‘எருமை’ன்னுட்டு, முதல்லேர்ந்து சொல்லுவா.”

அதிகாரி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“இதை ஏன் முதல்லயே சொல்லலை? போட்டோ, வாழ்த்து அட்டைன்னு என்னென்னமோ கொடுத்திருக்கீங்க.”

“இதெல்லாம் ஆதாரம்னு தெரியலை.”

“என் வீட்டுக்காரரும் பாதிதான் கேட்பார். அவர் எந்தக் குழியிலயும் இறங்கறதில்லை.” அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். “உண்மையான கல்யாணம்தான். ஏத்துக்கிட்டேன். டிக்கெட் போடலாம். எப்ப வர்றாங்க?”

அவன் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வரமாட்டா மேடம்.”

“நாங்க மறுத்ததுல கோபமா?”

“நீங்க மறுத்தது தெரிஞ்ச மறுநாள், அவ வேலைக்குப் போற வழியில லாரி மோதிடுச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.”

அதிகாரி மறுபடி கோப்பைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

“அப்புறம் எதுக்குப்பா இந்த மேல்முறையீடு?”

“முந்தின நாள் ராத்திரி ஒண்ணு கேட்டா. எனக்கு பதில் சொல்லத் தெரியலை. அவளும் போனை வெச்சுட்டா. அதுக்கப்புறம் பேசலை.”

“என்ன கேட்டாங்க?”

“‘அவ்வளவு பெரிய ஆபீஸ்ல எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே இல்லைன்னு எழுதியிருக்காங்க. அப்போ நாம நிஜமாவே புருஷன் பொண்டாட்டி இல்லையாங்க?’”