ஐந்தில் ஒரு துண்டு

அன்று எடை மெஷின் பழுதுபார்க்கும் எங்கள் கடையில் இருந்தவர்கள்: முதலாளி, பில் போடும் அக்கா, பெயிண்டர், ‘டன்’ என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக், எடைக்கல் துடைக்கும் நான். ஐந்து பேர். வாசலில் படுத்திருந்த நாயைச் சேர்த்தால் ஆறு.

மாதத்தின் முதல் வேலைநாளில், பழுது பார்த்து முடித்த பெரிய மெஷின் ஒன்றில் எல்லோரும் ஏறி நிற்போம். எடையைச் சுவரில் நான் எழுதுவேன். நாயும் தானாக வந்து ஏறிக்கொள்ளும். அதையும் எழுதுவேன். நாய் பதினாலு கிலோ.

டன் நூற்றி நாலு.

“நூறுக்குக் கீழே வந்தாத்தான் மூட்டு ஆபரேஷனாம்,” என்றார் டன். “ரெண்டு மாசம் டைம் கொடுத்திருக்கார் டாக்டர். இல்லைன்னா காலம் பூரா நொண்ட வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் வாங்கிவந்த பொரித்த கோழியைப் பிரித்தார். எங்கள் பொட்டலங்களும் பிரிந்தன.

“ஆறு மாசமா சொல்றேன், இது உடம்புக்கு ஆகாதுன்னு,” என்றார் முதலாளி.

“ஆமா சார்,” என்றோம், மென்றுகொண்டே.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “இந்த மாதிரி தீனிக்கெல்லாம் வரி போடலாமான்னு அரசாங்கம் யோசிக்குதாம்.”

“போட்டா என்ன சார் ஆகும்? இருக்கறவன் பாட்டுக்கு வாங்கித் தின்னுவான். இல்லாதவன் வாயிலதான் மண்ணு,” என்றார் அக்கா.

“சரி, காசா வேண்டாம். பொருளா வாங்கிடலாம். நாளையிலேர்ந்து நம்ம கடையில வரி. எதிர்க்கடைப் பொட்டலம் எதுவா இருந்தாலும் அஞ்சுல ஒரு பங்கு எனக்கு. எல்லாருக்கும் ஒரே கணக்கு.”

விளையாட்டு என்றுதான் நினைத்தோம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். நிறுக்கிற வேலை எனக்கு. சின்னத் தராசை எடுத்து வைப்பதற்குள் டன் அவசரமாக ஒரு கடி கடித்தார்.

“அதுக்குப் பேரு வரி ஏய்ப்பு,” என்றார் முதலாளி.

வசூலான டப்பாவோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக்குச் சந்துப் பக்கமும் ஒரு கதவு உண்டு. பத்து நிமிஷம் கழித்து, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தபடி வெளியே வந்தார். தினமும் இதே கதை.

“நம்ம வாயைக் கட்டித் தன் வயித்தை வளர்க்கிறார்,” என்றார் அக்கா.

“என் கோழித் தொடையெல்லாம் அவர் தொடைக்குப் போகுது,” என்றார் டன்.

“நேத்து ஏப்பம் விட்டதை என் காதால கேட்டேன்,” என்றார் பெயிண்டர். அவர் எதையும் கொஞ்சம் கூடுதலாகப் பூசித்தான் சொல்வார்.

பதினேழாம் நாள் டன் பொறுமை இழந்தார். “பட்டினி கிடந்தாலும் கிடப்பேன். இனிமே அந்த மனுஷனுக்கு என் கையால ஒரு துண்டு போகாது.”

மறுநாளிலிருந்து நாங்கள் நாலு பேரும் வீட்டுச் சாப்பாடு. முதலாளி வழக்கம்போல் டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்தார். மேஜையைப் பார்த்தார்.

“என்னப்பா, இன்னிக்கு வசூலே இல்லையா?”

“வீட்டுச் சாப்பாட்டுக்கு வரி கிடையாதே சார்,” என்றார் அக்கா, தேன் ஒழுக.

அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்த சந்தோஷத்தில், அன்று வெறும் அவித்த காய்கூட ருசித்தது. அந்த ருசிக்காகவே தொடர்ந்தோம். கோபத்தில் அடுத்த மாதம் யாரும் மெஷினில் ஏறவும் இல்லை.

இரண்டு மாதம் முடிந்தது. மறுநாள் டன் டாக்டரைப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் மெஷினில் ஏறினார்.

தொண்ணூற்று ஒன்பது.

இறங்கி மறுபடி ஏறினார். தொண்ணூற்று ஒன்பதுதான்.

“இந்த மெஷினை எந்த மடையன் ரிப்பேர் பண்ணினது?” என்றார்.

“நீங்கதாண்ணே,” என்றார் பெயிண்டர்.

பிறகு நாங்கள் ஏறினோம். எல்லோருக்கும் குறைந்திருந்தது. கடைசியில் முதலாளி ஏறினார். அறுபத்தெட்டு. இரண்டு மாதத்துக்கு முன்பும் அதே அறுபத்தெட்டு.

அக்கா விடவில்லை. “அப்ப நாங்க கொடுத்த வரியெல்லாம் எங்கே சார் போச்சு?”

முதலாளி தகர டப்பாவை எடுத்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

வாசலில் இருந்த நாய் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து மெஷினில் ஏறி உட்கார்ந்தது. பதினாறு.

“ஆறு வாரமா அதுக்கு வருமானம் இல்லை, பாவம்,” என்றார் முதலாளி.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“உங்க உடம்புக்குன்னு சொன்னேன், ஒருத்தரும் கேக்கலை. எனக்குப் போகுதுன்னதும் நிறுத்திட்டீங்க.”

டன் தலையைச் சொறிந்தார். “ஆபரேஷன் எனக்குத்தானே சார். என்கிட்ட மட்டும் பிடுங்கியிருக்கலாமே.”

“உன்கிட்ட மட்டும் பிடுங்கினா அதுக்குப் பேரு அவமானம். எல்லார்கிட்டயும் பிடுங்கினாத்தான்யா வரி.”

சுவரில் கணக்கை எழுதினேன். டன்னுக்குக் குறைந்தது ஐந்து, அக்காவுக்கு இரண்டு, பெயிண்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது கிலோ. அதில் நாய்க்குப் போனது இரண்டு. மீதி, யாரும் கணக்குக் கேட்காதது, ஏழு கிலோ.