நிறுத்திவைத்த ஆட்டம்

அணைத்தால் அழிந்துவிடும் ஆட்டம் அது. அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டிக்கு எதையும் சேமித்து வைக்கத் தெரியாது. கடைசிக் கோட்டை வாசலில், ஒரே ஓர் உயிர் மிச்சமிருக்கையில் நிறுத்திவைத்துவிட்டுத்தான் கோமதியின் தம்பி சிதம்பரம் கிளம்பினான். "அணைச்சிராதக்கா, வந்து முடிச்சிருதேன்."

போன இடம், ஊரே மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு குடியேறிய பெரிய விளையாட்டு உலகம். உடம்புகள் நகரத்துக் கூடங்களில் படுத்துக் கிடந்தன. திரும்பி வந்தவர்கள் குறைவு.

கோமதி அணைக்கவில்லை. கரண்ட்டையெல்லாம் அந்த உலகமே குடித்துவிட, ஊரில் பாதிநாள் மின்வெட்டு. இன்வெர்ட்டரில் இருப்பது டிவிக்கும் பெட்டிக்கும்தான் காணும் என்று அவள் மின்விசிறி போடுவதையே விட்டுவிட்டாள். வேர்வையில் புரண்டாள். வந்த வரன்களையும் வேண்டாமென்றாள். திரையில் குட்டி வீரன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றான். அவளுக்குத் தலை நரைத்தது.

ஒரு மத்தியானம் சிதம்பரம் வந்து நின்றான், வெளுத்துப்போய், வெயிலுக்குக் கண் கூசியபடி. திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னுமா வச்சிருக்க!"

பெட்டிமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த கையோடு, சின்ன வயதில் ஆடத் தொடங்கும்முன் எப்போதும் செய்வதுபோல, ஆட்டம் இருந்த கேசட்டைப் பெட்டியிலிருந்து உருவி, வாயருகே கொண்டுபோய்த் தூசி போக ஊதினான்.

திரை கறுத்தது.

கேசட்டைத் திரும்பச் செருகினான். முதல் கோட்டை, மூன்று உயிர்.

"நீயும் வாக்கா, முதல்லருந்து ஆடுவோம்."

கோமதி எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள். அது ஒட்டடையை உதிர்த்துக்கொண்டு மெல்லச் சுற்றத் தொடங்கியது. அதன் கீழே, வெறுந்தரையில், காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.