விருதுக்குத் தேர்வானவர்கள்

வியன்னாவில் வெளியுறவு அமைச்சகத்தின் கார் வீட்டு வாசலுக்கே வந்தபோது நிகோராவுக்குக் கண் கலங்கியது. தம்பி சொந்த நாட்டுச் சிறையில் கிடக்க, இங்கே அகதியாக வாழ்பவள் அவள். அவளுக்கு மனித உரிமை விருது.

விழா தொலைவில் ஒரு மலை விடுதியில். போய் இறங்கினால், ஆர்ப்பாட்டங்களில் அவளோடு நிற்கும் பர்ஹோத் கோட்டும் டையுமாக நின்றான்.

"உனக்குமா?"

"எனக்கு மட்டுமா? உள்ள வந்து பாருங்கக்கா, நம்ம கூட்டமே இங்கதான் இருக்கு. இப்பவாவது நம்ம அருமை தெரிஞ்சுதே இவங்களுக்கு."

அமைச்சக அதிகாரி ட்ராக்ஸ்லர் ஒவ்வொருவர் கழுத்திலும் பதக்கம் மாட்டினார். உங்கள் குரல் ஓயவே கூடாது என்று உருகினார்.

விருந்துக்குப் போகும் வழியில், வரவேற்பறைத் தொலைக்காட்சி முன் நிகோரா நின்றுவிட்டாள். அவள் தம்பியைச் சிறையில் தள்ளிய அதிபர், வியன்னாவில் சிவப்புக் கம்பளத்தில் நடந்துகொண்டிருந்தார். எரிவாயு ஒப்பந்தமாம். எதிரே சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை.

"இவன் அடுத்த வாரம்தானே வர்றதா இருந்தது? சதுக்கத்துல நிக்க நாங்க அனுமதிகூட வாங்கியிருந்தோமே."

"தேதி மாறிடுச்சு மேடம்," என்றார் ட்ராக்ஸ்லர். "உங்க பாதுகாப்பைத்தான் யோசிச்சோம்."

"எங்களுக்கு விருதுன்னு யாரு முடிவு பண்ணது?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"பேரெல்லாம் உங்க நாட்டுத் தூதரகம் குடுத்தது."

நிகோராவுக்குப் பதக்கத்தைக் கழற்றி எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்குக்கூட அதைத் தொட்டாக வேண்டும்.