நெற்றியில் எழுதிய பெயர்

பெண்கள் கால்வைக்கக் கூடாத தீவு என்பதால் பிலோமினா படகிலேயே நின்றாள். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கப்பல் வேலைக்குப் போன தம்பி சவேரி, அந்தத் தீவிலுள்ள மடத்தில்தான் துறவியாகியிருந்தான். நரைத்த தாடி மார்பைத் தொட, ஒரு துறவி துறைக்கு வந்து, எதுவும் பேசாமல் ஒரு மண்டையோட்டை நீட்டினார். அதன் நெற்றியில் ஏதோ எழுதியிருந்தது. “செத்தவங்கள மூணு வருசம் கழிச்சுத் தோண்டியெடுத்து, நெத்தியில பேரெழுதி வைக்கிறது இவங்க வழக்கம்மா. சவேரி பேருதான் போட்டிருக்கு,” என்றார் அவளோடு படகில் வந்த பாதிரியார். அழுதபடி அதைத் தன் பக்கம் திருப்பியவளுக்கு அழுகை சட்டென்று நின்றது. முன்பற்கள் முழுசாக இருந்தன. சின்ன வயதுச் சண்டையில் செம்பை எறிந்து சவேரியின் முன்பல்லைப் பாதியாக உடைத்தவளே அவள்தான். நிமிர்ந்து துறவியைப் பார்த்தாள். “வாயத் தொறடா,” என்றாள்.